ஸிபான் கொணந்த பெட்டி

பள்ளிவாசல்ல நடந்தத ஊருல ஆளுக்கொரு மாதிரி செல்லித் திரியுறாங்க. ரபீகாக்கு மூளை பெரண்டு பெய்த்தாம். ஹபீல் நாநா பள்ளிச் சாமான ஒடச்சுப் போட்டாராம். வாய் ஈக்கிறவங்க கதைக்கத்தானே செய்வாங்க. அன்டைக்கு ரபீகாட குசினியில மாவுக் கையோட ஒக்காந்தீந்தவ நான். இந்தக் கைரியா செல்லியத்தக் கேட்டுட்டு அப்புறம் கதைங்க.

திகன சந்தியிலயிருந்து கீழ எறங்குற பாதையில கடைசி ரெண்டு ஊடும் எங்கடது. நடுவுல ஒரு தண்ணிக் கான் மட்டும்தான். ஹபீல் நாநா என்ட மூத்தம்மாட மகன், சந்தியில திரீவீல் ஓட்டுறாரு. அவர்ட பொஞ்சாதி ரபீகா எனக்கு மச்சி. நாங்க ரெண்டு பேரும் சேந்து கடைகளுக்கு இடியப்பம் அவிச்சுக் குடுக்கிறோம். காலையில ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம். அவ மாக்குழச்சி இடியப்ப ஒரல்ல புழிவா, நான் தட்டடுக்கி அவிச்செடுப்பன். அவட கை பலம் எனக்கில்ல. என்ட வாய்ப் பலம் அவளுக்கில்ல. அதால எங்களுக்குள்ள ஒரு நாளும் சண்ட வந்ததில்ல.

பள்ளி மேட்டுல ஈக்கி. முந்தி மழை பேஞ்சா பாங்கு சத்தம் எங்கட ஊடுகளுக்கு எறங்கி வராது. பழைய ஸ்பீக்கர் கொரகொரண்டு இழுக்கும். மோதினார் இன்ஷாப் பாங்கு செல்றாரா, தொண்டையத் தொடச்சிக் கொள்றாரா என்டே வெளங்காது. அந்தப் பிரச்சினையத் தீத்து வெச்சவன் ஸிபான். ஹபீல் நாநாட ஒரே மகன். டோஹாவுல ஹோட்டல்களுக்கு ஒலி சாமான் பூட்டுற வேலையில ஈந்தான். கடைசியா லீவுல வரக்குள்ள பெரிய பெட்டியொன்டு கொணந்தான். கறுப்புக் கலரு, முன்னால பச்சை லைட். மைக், ஸ்பீக்கர் எல்லாத்தையும் அது ஒன்டே பாத்துக் கொள்ளும். அறிவித்தல ஒருக்காப் பேசி நேரத்தக் குடுத்துட்டா, அதுவே அந்தந்த நேரத்துக்குத் திருப்பித் திருப்பிச் செல்லும்.

அவனே கூரையில ஏறி, ஒரு ஸ்பீக்கர் ஹோன எங்கட பக்கம் திருப்பி வெச்சான்.

"எங்கட உம்மாட குசினிக்குக் கேக்கோணும்" என்டு சென்னான். ஊருக்கு முன்னுக்கே சென்னான், வெக்கமில்லாம.

நாங்க எல்லாரும் கீழ நின்டு பாத்துக்கொண்டீந்தோம். ஹபீல் நாநாதான் கேட்டாரு, "மகன், இதெல்லாம் கொஞ்ச காலத்துல பழசாகிடும்தானே? என்ட போன் மாதிரி?"

"பழசாகா வாப்பா. உள்ளுக்கீக்கிய சொஃப்ட்வெயார்தான் இதுட உசிரு. அப்டேட் வார நேரமெல்லாம் போட்டுக்கொண்டே ஈந்தா, எந்தக் காலமும் இது புதுசுதான். நான் அங்கயிருந்தே போடுவன். நீங்க பச்சை லைட் எரியுதா என்டு மட்டும் பாத்துக்கோங்க."

அதுக்குப் பொறகு ஹபீல் நாநா தொழப்போனா மொதல்ல லைட்டப் பாப்பாரு, பொறகுதான் ஸப்புல நிப்பாரு. நான் பகிடி பண்ணியிருக்கன், "தொழுற கிப்லாவ மாத்திட்டீங்களா நாநா" என்டு. சிரிப்பாரு மனிசன்.

கொரோனா வந்திச்சி. ஸிபான் அங்க மவுத்தாகினான். பிளேன் இல்ல. எப்பிடியாச்சும் இங்க கொண்டு வந்தாலும் அந்த நேரம் எங்கட நாட்டுச் சட்டத்துல கொரோனா மையத்த எரிச்சிப்போடுவாங்க. அடக்க உடமாட்டாங்க. அங்கயே அடக்கச் சம்மதமா என்டு போன்ல கேட்டாங்க. ஹபீல் நாநா எங்கட முத்தத்துல நின்டுதான் "ஓ, அடக்குங்க" என்டு சென்னாரு. அந்த நேரம் ரபீகா ஊருல இல்ல. அவளுக்கும் அந்தக் கொரோனா வருத்தமென்டு தனிமப்படுத்துற கேம்புல கொண்டுபோய் வெச்சீந்தாங்க. பள்ளியில இன்ஷாப் அறிவித்தல் பேசி அந்தப் பெட்டியில போட்டாரு. தூரத்துல அடக்கினவருக்குத் தொழுற காயிப் ஜனாஸா தொழுகை என்டு செல்லியிருக்கோணும். அந்த மனிசன் அழுதழுது, எல்லா மவுத்துக்கும் செல்லியத்தையே சென்னாரு. ஊருக்குத் தெரியும்தானே, ஆரும் ஒன்டும் செல்லல்ல. ரபீகா ஊட்டுக்கு வரக்குள்ள கத்தம் ஓதியும் முடிஞ்சி, பாயும் சுருட்டியாச்சி.

அவ அழல்ல. அதுதான் என்னால தாங்க ஏலாம போச்சி. "மொகத்தப் பாக்கல்ல, மையத்தப் பாக்கல்ல, ஜனாஸா அறிவிச்சதக் கூட நான் கேக்கல்ல. எப்பிடி மச்சி நம்புற?" என்டு ஒருக்கா கேட்டா. பொறகு எரிக்கிற சட்டத்த நிப்பாட்டினாங்க. அதுக்குப் பொறகு, "இப்ப கொண்டு வரலாம்தானே" என்டு ஹபீல் நாநாட்ட கேக்கத் தொடங்கினா. அவரு ஓ என்டும் செல்ல மாட்டாரு, இல்ல என்டும் செல்ல மாட்டாரு.

அவளத் தூக்கி நிப்பாட்டினது அந்தப் பெட்டிதான். பயான்ல ஹஸரத் சென்னாரு, பள்ளிக்குக் குடுத்த பொருளப் பாவிக்கும் வரைக்கும், குடுத்தவன் கபுருல கெடந்தாலும் நன்மை போய்க்கொண்டே ஈக்கும் என்டு. ரபீகா அத அப்பிடியே புடிச்சிக்கொண்டா. பாங்கு கேட்டா ஒரல வெச்சிட்டு நிப்பா. முடிஞ்ச ஒடன, "புள்ளக்குப் பெய்த்திச்சி" என்டு சென்ன பொறகுதான் ஒரலத் தொடுவா. ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் அதே சொல்தான். சாப்பாடு அனுப்பி வெச்ச உம்மா மாதிரி.

போன வருசம் பெட்டி மக்கர் பண்ணத் தொடங்கிச்சி. போனோட சேராது. நேரம் பிந்தும். ஒரு ஜும்ஆவுல குத்பா நடுவுல ஊமையாகிச்சி. பள்ளி ட்ரஸ்டி ருஷ்தி, சந்தியில ஹாட்வெயார் கட வெச்சீக்கிறவரு, நேர ஊட்டுக்கே வந்தாரு. கெட்ட மனிசனில்ல, நான் பொய் செல்ல மாட்டன். பிளேன்ட்டி ஊத்திக் குடுத்தோம். அவரு கதிரை நுனியிலதான் ஒக்காந்தாரு.

"ஹபீல் நாநா, கோவிச்சுக்கொள்ளாதீங்க. அது பழசாகிட்டுது. மவுத்தாகின எங்கட வாப்பாட பேர்ல புது செட்டொன்டு நான் பூட்டித் தாறன்."

"சாமான் நல்லா ஈக்கி தம்பி. சொஃப்ட்வெயார்தான் பழசு. அப்டேட் போட்டா சரியாகிடும். மகனே சென்னான்."

"மகன் சென்ன காலம் வேற நாநா. கண்டில இந்தச் சாமான் பழுது பாக்கிற ஆகிப்ட கடையில கேட்டன். கம்பனியே இத உட்டுட்டானாம். இன்னும் ஒரே ஒரு அப்டேட் கெடக்காம், அதோட சரியாம்."

"அப்ப அந்த ஒன்டப் போடுவோமே."

"போட்டும் சரிவராட்டி?"

ஹபீல் நாநா வாயத் தொறக்க முந்தி குசினிக் கதவுல நின்ட ரபீகா பேசினா. வெளி ஆம்புளைகளோட அவ கதைக்கிற கொறவு.

"ருஷ்தி தம்பி, அதக் கழட்டினா என்ட புள்ளக்கு ஒன்டும் போகா. அங்க மண்ணுக்குள்ள தனியக் கெடக்கிறான். ஒங்களுக்கு அது பெட்டி. எனக்கு அதுதான் அவனுக்கு அனுப்பிற சோறு."

ருஷ்தி தேத்தண்ணிக் கோப்பயக் கீழ வெச்சாரு. பொறகு, "சரி, அப்டேட்டப் போட்டுப் பாருங்க. ஒழுங்கா வேல செஞ்சா அதே கெடக்கட்டும். ஸிபான்ட பேரப் போட்டு போர்டொன்டும் அடிப்போம்" என்டுட்டு எழும்பினாரு. போர்டு கத ரபீகாட காதுல விழல்ல, அவ அதுக்குள்ள உள்ளுக்குப் பெய்த்திட்டா.

ஆகிப் வந்து அப்டேட் போட்டது ஒரு வியாழக்கெழம. மறுநாள் ஸுபஹு பாங்கு கேட்டுச்சே, யா அல்லாஹ், பக்கத்துல நின்டு செல்ற மாதிரி தெளிவா வந்திச்சி. ரபீகா என்ட கையப் புடிச்சிக்கொண்டா. ஹபீல் நாநா சின்னப் புள்ள மாதிரி ஊட்டுக்கும் வாசக் கடப்புக்கும் நடந்து திரிஞ்சாரு. ஜும்ஆவும் நல்லபடி முடிஞ்சிச்சி. சோத்தத் தின்டுட்டு, வெள்ள ஜுப்பாவக் கூடக் கழட்டாம திரீவீல எடுத்தாரு.

"எங்க இந்த அவசரம்?" என்டா ரபீகா.

"கண்டிக்குப் பெய்த்து வாறன். பின்னேரம் ஒனக்கொன்டு கொண்டு வாறன். கண்ணால பாக்கோணும் என்டு ஆசப்பட்டீப்பாய். இப்ப கேக்காத."

அவரு பேர் போர்ட எடுத்து வரத்தான் போனாரு. அத வாயத் தொறந்து செல்லியிருக்கப்படாதா? இந்த ஆம்புளைகளுக்கு ஒரு நல்ல காரியத்தக் கூட நேர செல்ல வராது.

வானம் நக்கிள்ஸ் மலைப் பக்கத்தால இருண்டு கொண்டு வந்திச்சி. நாங்க பின்னேர இடியப்பத்துக்கு ஒக்காந்தோம். வெறகு ஈரம், பொகையில கண்ணு எரிஞ்சிச்சி. ரபீகா என்டுமில்லாத மாதிரி கதச்சிக்கொண்டே புழிஞ்சா. ஸிபான் சின்னதுல ரேடியோவக் கழட்டினது, வாப்பாட்ட அடி வாங்கினது, கழட்டின ரேடியோ திரும்பப் பாடினது. சிரிச்சும் சிரிச்சா. அவ சிரிச்சி எவ்வளவு காலம் என்டு நான் நெனச்சிக்கொண்டீக்கக்குள்ளதான் ஸ்பீக்கர் தொறந்திச்சி.

"இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்."

நாங்களும் வழக்கம் போல திருப்பிச் சென்னோம். ஆரு பாவம் என்டு காத நீட்டினோம்.

"ஜனாஸா அறிவித்தல். திகனயைச் சேர்ந்த ஹபீல் அவர்களின் மகன் ஸிபான் அவர்கள் காலமானார்கள். அன்னாரின் ஜனாஸாத் தொழுகை இன்று அஸர் தொழுகையைத் தொடர்ந்து நமது பள்ளிவாசலில் நடைபெறும்."

என்ட கையில ஈந்த தட்டு விழுந்திச்சி.

ரபீகா மெதுவா ஒரல வெச்சா. பேசின்ல கையக் கழுவினா, வெரல் எடுக்கு எடுக்கா. "கொணந்துட்டாரு மச்சி" என்டா. "கண்ணால பாக்க ஆசப்பட்டீப்பாய் என்டு சென்னாரே, கேட்டீங்கதானே? கொணந்துட்டாரு."

அப்டேட்டால பெட்டிட நேரம் அந்தப் பழைய நாளுக்குப் போனது, உள்ளுக்கு அழிக்காமக் கெடந்த அறிவித்தல் அந்த நேரம் வந்த ஒடன தானாப் பேசினது, இதெல்லாம் பொறகு ஆகிப் சென்னாப்பொறகுதான் எங்களுக்கு வெளங்கிச்சி. அந்த நேரத்துல எனக்கும் அப்பிடித்தான் தோணிச்சி. இவ்வளவு வருசம் மண்ணுல கெடந்தவன எப்பிடிக் கொண்டு வருவாங்க என்டு கேக்க எனக்கும் புத்தி வரல்ல. கொண்டு வந்தீப்பாங்க என்டுதான் நானும் நெனச்சன்.

அவ அலுமாரியத் தொறந்தா. மக்காவுக்கு உம்ரா போன எடத்துல ஸம்ஸம் தண்ணியில நனச்சிக் கொணந்த, மையத்துக்குச் சுத்துற கபன் துணி, தனக்கென்டு வெச்சீந்தது, அத எடுத்து மடியில வெச்சா. "அங்க என்ன துணி போட்டாங்களோ. இத மேலால போடுவோம்." ஹோல்ல கதிரைகள ஒதுக்கினா. பாய விரிச்சா. தலமாட்டு எந்தப் பக்கம் என்டு பாத்து, பாயத் திருப்பி விரிச்சா. நான் கூட நின்டு பாயிட மத்த முனையப் புடிச்சன்.

சனம் வரத் தொடங்கிச்சி. தொப்பியப் போட்டுக்கொண்டு ஆம்புளைகள் கடப்படியில, ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்கொண்டு. சந்தியடிச் சிங்களக் கட முதலாளி மாத்தயா கடையப் பூட்டிட்டு சீனிப் பேக்கோட வந்தாரு. "ஹபீல் எங்க?" என்டு எல்லாரும் கேக்கிறாங்க. ஆருக்கும் ஒன்டும் தெரியா. இன்ஷாப் ஜும்ஆ முடிஞ்ச ஒடன பள்ளியப் பூட்டிட்டுத் தெல்தெனிய பக்கம் பெய்த்தீந்தாரு.

திரீவீல் சத்தம் கேட்டுச்சி. ரபீகா முத்தத்துக்கு ஓடினா. மழை தூறத் தொடங்கிட்டு, செருப்புமில்ல காலுல. ஹபீல் நாநா சனத்தக் கண்டு பயந்து எறங்கினாரு. கக்கத்துல பேப்பருல சுத்தின ஒரு சாமான்.

"எங்க?" என்டா அவ. "பள்ளிக்கா நேர கொண்டு போன? ஒருக்கா ஊட்டுக்குக் கொண்டு வாங்க. நான் மொகம் பாக்கல்ல. ஒருக்கா ஊட்டுக்குக் கொண்டு வந்துட்டுப் போங்க."

"என்னத்த கொண்டு வார?"

"புள்ளய."

மனிசனுக்கு ஒன்டும் வெளங்கல்ல. கையில ஈந்ததத்தான் நீட்டினாரு. அவ பேப்பரப் பிச்சா. பித்தளத் தகடு. மர்ஹூம் ஸிபான் ஞாபகார்த்தமாக என்டு வெட்டியிருந்திச்சி. அவ அதப் பொரட்டிப் பொரட்டிப் பாத்தா. பின்னால வேற ஒன்டு ஈக்குமென்டு நெனச்சாளோ என்னவோ.

அந்த நேரம் பாத்து மேட்டுலயிருந்து ஸ்பீக்கர் திரும்பத் தொறந்திச்சி.

"இன்னா லில்லாஹி..."

ஹபீல் நாநா மேல பாத்தாரு. மகன் திருப்பி வெச்ச அந்த ஹோனப் பாத்தாரு. அவர்ட மொகம் போன போக்க நான் மவுத்தாகும் வரைக்கும் மறக்க மாட்டன். ஒரே ஓட்டமா மேட்டுல ஏறினாரு. அந்த வயசுல, அந்த ஜுப்பாவோட. ஆம்புளைகள் பின்னால ஓடினாங்க. அறிவித்தல் நடந்துகொண்டேதான் ஈந்திச்சி. "ஜனாஸா அறிவித்தல். திகனயைச் சேர்ந்த ஹபீல் அவர்களின் மகன்" என்டு வந்த எடத்துல டக்கென்டு நின்டிச்சி.

பூட்டு ஒடச்சி உள்ளுக்குப் போனவரு, லைட் எரியக்குள்ளயே வயர்களப் புடுங்கி, பெட்டியத் தூக்கி நெலத்துல அடிச்சாராம். பள்ளிக்குள்ளயே கொழறி அழுதாராம். "அப்டேட் போட்டா பழசாகா என்டு சென்னியே மகன், ஒன்ட மவுத்தயும் புதுசாக்கிட்டுதேடா" என்டு கத்தினத்த ருஷ்திதான் எங்களுக்கு வந்து சென்னாரு. செல்லிட்டு அவரும் அழுதாரு.

இங்க ரபீகா பாயில ஒக்காந்தீந்தா. நான் நடந்தத ஒன்டொன்டா செல்லி வெளங்கப்படுத்தினன். பெட்டி செஞ்ச பிழை மச்சி, ஆரும் வரல்ல மச்சி. கேட்டுக்கொண்டே ஈந்துட்டு, "அன்டைக்கு நான் இதக் கேக்கல்ல. இன்டைக்குத்தான் மச்சி என்ட மகன் மவுத்து" என்டா. அதுக்குப் பொறகு அழுதா. இவ்வளவு வருசத்து அழுகயும் ஒன்டா வந்திச்சி. வந்த பொம்புளைகள் எல்லாரும் சேந்து அழுதாங்க. மையத்து ஊடு என்டா அதுதான் மையத்து ஊடு. அஸருக்கு வந்த ஆம்புளைகள் சும்மா திரும்பிப் போகல்ல. திரும்ப அவனுக்கு காயிப் ஜனாஸா தொழுதுட்டுத்தான் போனாங்க.

நான் அல்ஹம்துலில்லாஹ் என்டுதான் நெனச்சன். அழுதுட்டா, இனி மனசு ஆறிடும் என்டு. பொழுது சாஞ்சிச்சி. அடுப்புல வெச்ச தட்டெல்லாம் ஆறிப் போச்சி. ஹபீல் நாநா வந்து படியில ஒக்காந்தாரு. கையில ரெத்தம், வயர் கிழிச்சது. ரபீகா தண்ணி கொணந்து கழுவி விட்டா. ஒரு ஏச்சுமில்ல பேச்சுமில்ல. துணிய சுத்திக்கொண்டே கேட்டா.

"மஃரிப் நேரமாகிட்டுது. ஏன் இன்னம் பாங்கு கேக்கல்ல?"

 மேட்டுல இன்ஷாப் வெறும் வாயால செல்லியிருப்பாரு. கீழ எறங்கி வரல்ல.

"நான் கழட்டிட்டன்" என்டாரு ஹபீல் நாநா. "அது ஒன்ன அழ வெச்சதே."

"அப்ப புள்ளக்கு?"

அவரு தலயக் குனிஞ்சிக்கொண்டாரு.

"திருப்பிப் பூட்டுங்க" என்டா. "தெனமும் மவுத்தாகிட்டான் என்டே செல்லட்டும், நான் கேட்டுக்கொள்றன். பாங்கும் செல்லும்தானே? எனக்கு அது போதும். எழும்புங்க, பெய்த்துப் பூட்டுங்க."

மறுநாள் ஆகிப்ட கடைக்கு அத ஒரு சாக்குல போட்டுக்கொண்டு போனாரு. சிவப்பு லைட் மட்டும் எரிஞ்சிச்சாம். உள்ளுக்கு அடிபட்டது பாதி, புது சொஃப்ட்வெயார் ஓடிக்கொண்டீக்கக்குள்ளயே கரண்டப் புடுங்கினது பாதி. "சொஃப்ட்வெயாரத் திரும்ப ஏத்தினா எழும்பலாம் மாமா. ஆனா கம்பனிக்காரன் அந்த இன்டர்நெட் பக்கத்தயே மூடிட்டான். ஒரு எடத்துலயும் இல்ல" என்டானாம் ஆகிப். கண்டியில வேற கடைகளுக்கும் போனாரு. கடுகண்ணாவயில ஒருத்தன் பழுது பாக்கிறானென்டு கேட்டு அங்கயும் போனாரு. எல்லாரும் ஒரே கததான் சென்னாங்க. சாக்கு இப்பவும் அவர்ட திரீவீல்ல பின் சீட்டுக்கடியில கெடக்கு.

ருஷ்தி புது செட்டப் பூட்டினாரு. எங்கட பக்கம் ஹோன் வேணுமென்டு ஆரும் கேக்கல்ல, அவராவே வெச்சாரு.

மொத மொதல்ல அதுல லுஹர் பாங்கு வந்த நேரம் நாங்க மாக்குழச்சிக்கொண்டு ஈந்தோம்.  ரபீகா எப்பவும் போல ஒரல வெச்சா. நின்டா. கடைசி வரைக்கும் கேட்டா. ஒரு கொரகொரப்பில்ல, ஒரு இழுவையில்ல.

"நல்லாக் கேக்குது" என்டா. பொறகு, "இது ஆருட பேர்ல மச்சி?"

"ருஷ்திட வாப்பாட பேர்ல."

அவ வாய் தொறந்திச்சி. பழக்கத்துல வார சொல் ஒன்டு வந்து நின்டிச்சி. அத முழுங்கினா. கையேந்தி, "யா அல்லாஹ், அவருக்குப் போய்ச் சேரட்டும்" என்டு துஆக் கேட்டா. மாவெடுத்து ஒரல்ல போட்டா, புழியத் தொடங்கினா.

ஹபீல் நாநா வெளியால தண்ணி டெப்ப முழுசாத் தொறந்து விட்டுட்டு, மொகம் கழுவுறேன் என்டு நின்டு அழுதாரு. எங்களுக்குக் கேக்காதாம்.